விற்றுப்போன கருகமணி

அத்தியாயம் 11

பெக்கான் நனாஸ் தாண்டும்வரை சபீதா வாயைத் திறக்கவில்லை. மடியில் கறிபாப் பலகார டப்பா ஒன்று, காலடியில் இன்னும் இரண்டு. சபீதா பேசாமல் வருகிறாள் என்றால் மனசுக்குள் யாரையோ திட்டிக்கொண்டு வருகிறாள் என்று அர்த்தம். காரை ஓட்டிய ஷாஸியாவுக்கு அது தெரியும். அந்த யாரோ தான்தான் என்பதும் தெரியும்.

பொந்தியானில் அப்துல் பாசித் உணவகம் என்றால் கல்லாவில் இருக்கும் சபீதாவின் முகம்தான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். கணவன் முனீர் ரொட்டிக்கல்லைப் பார்த்துக்கொள்வான். மற்றதையெல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள். முனீரின் கடைசித் தங்கை ஷாஸியா. அவளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். மாப்பிள்ளை அஹ்னாஃப், சிங்கப்பூர் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். நல்ல பையன் என்று ஊரே சொல்கிறது. ஊர் சொல்வதை சபீதா அப்படியே வாங்கிப் போட்டுக்கொள்பவள் அல்ல. ஆனால் பையனிடம் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

பெண்ணிடம் தாராளமாக அகப்பட்டது.

ஸ்கூடாயில் மாலை வகுப்புக்குப் போகிறேன் என்று ஷாஸியா கிளம்பியபோது, கணக்கியல் படிக்கப் போகிறாள் என்று வீடே நினைத்தது. அவள் கற்றுக்கொண்டு வந்தது கண்ணாடிப் பாசிமணி ஊதுவதை. ஊதுவது என்றால் ஷாஸியா அண்ணன் மனைவியைத் திருத்துவாள். ஊதுவதில்லை மச்சி, சுற்றுவது. மண் பூசிய கம்பியை ஒரு கையால் உருட்டிக்கொண்டே, நெருப்பில் இளகும் கண்ணாடிக் குச்சியை மறுகையால் அதன்மேல் சுற்ற வேண்டும். சுற்றியதை அப்படியே வெளியே வைத்தால் விரிசல் விடும். சின்னச் சூளைக்குள் வைத்து மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். இவ்வளவும் மிளகளவு பாசிக்கு. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அதைக் கரண்டியால் அள்ளிப் போடுகிறார்கள்.

அதோடு நின்றிருந்தால் சபீதா கண்டுகொள்ளாமல் விட்டிருப்பாள். தன் கருகமணியைத் தானே செய்யப்போவதாக ஷாஸியா பிடிவாதம் பிடித்ததில்தான் வந்தது வினை.

நிக்காஹ் முடிந்த கையோடு பெண்ணின் கழுத்தில் மாப்பிள்ளையின் தாயார் கருகமணி கட்டுவார். தாயார் இல்லையென்றால் மூத்த சகோதரி. அஹ்னாஃபுக்குத் தாயில்லை. கூலாயில் இருக்கும் அவன் அக்கா, சமீரா லாத்தாதான் கட்டியாக வேண்டும். போன வாரம் சமீரா தொலைபேசியிலேயே வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டாள். கருகமணி என்பது மாப்பிள்ளை வீட்டில் வாங்கி வருவது. பெண் தனக்குத்தானே செய்துகொண்டதாகத் தன் வம்சத்திலேயே கேள்விப்பட்டதில்லை. ஜொகூர் பாருவில் ஷாஸியா தன் பாசிகளை வைக்கும் கண்காட்சிக்கு வருவாளாம், பார்ப்பாளாம். மனசுக்குப் பட்டால் கட்டுவாளாம். படாவிட்டால், பாசியோடு சேர்த்து அந்த நெருப்பு விளையாட்டையும் பொந்தியானிலேயே விட்டுவிட்டு மருமகளாக வந்து சேர வேண்டுமாம்.

ஷாஸியா சரி என்றுவிட்டாள். வீட்டில் யாரையும் கேட்கவில்லை.

அதனால்தான் இந்தச் சனிக்கிழமை. அதனால்தான் மாமியார் சபீதாவைத் துணைக்கு அனுப்பியிருந்தார். துணைக்கு என்றா அனுப்பினார்? சமீரா ஏதாவது சொன்னால் ஷாஸியா பதிலுக்கு ஏதாவது சொல்லிவிடாமல் இருக்க, நடுவில் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று அனுப்பினார்.

"மச்சி, ஏதாச்சும் பேசுங்களேன்," என்றாள் ஷாஸியா.

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

ஜொகூர் பாரு பழைய நகரத்தில், ஒரு டயர்க் கடையின் மாடியில் இருந்தது பிரேமலாவின் கலைக்கூடம். ஏறும் படியிலேயே ரப்பர் வாடை. மேலே வெள்ளைச் சுவர்கள், குளிர்சாதனம், நாற்காலி இல்லாத பெரிய கூடம். உட்கார இடம் கொடுக்காமல் மனிதர்களை வரச் சொல்லும் இடம் எதற்கு என்று சபீதாவுக்கு முதல் பார்வையிலேயே ஒரு கசப்பு வந்துவிட்டது.

நான்கு சுவர்களும் ரூபேந்திரனுடையவை. நடு மேசை ஒன்று மட்டும் ஷாஸியாவுடையது.

ரூபேந்திரன் ஓவியர். கறுப்புச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாய், சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவருடைய ஓவியங்களில் ஆள் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, அதற்கு மேல் துருப்பிடித்த நிறத்தில் இன்னொரு பட்டை, மூலையில் ஒரு கீறல். சபீதா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடையில் புகைபோக்கிக்குப் பின்னால் இருக்கும் சுவரும் அச்சாக இப்படித்தான் இருக்கும். அதை அவள் மாதாமாதம் ஆள் வைத்துச் சுரண்டுகிறாள். இங்கே அதற்குச் சட்டம் போட்டு விளக்கு வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மலாயில் ஒற்றைச் சொல் பெயர். மௌனம். தூரம். வெறுமை. பெயரையாவது ஒழுங்காக வைத்திருக்கிறார், கடைசியாகப் பார்த்தது உண்மையிலேயே வெறுமைதான் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

வாசலுக்கு நேர் எதிரே இருந்தது எல்லாவற்றிலும் பெரியது. கரியும் சாம்பலுமாக, வண்ணத்தைக் கரண்டியால் அப்பியது போல் தடித்திருந்தது. அதற்கு மட்டும் பெயர் அட்டை இல்லை. இன்னும் பெயர் அமையவில்லை, தானாக வரும் என்று ரூபேந்திரன் விளக்கினார். சபீதா இன்னும் கொஞ்சம் கிட்டப் போனாள்.

"தொடாதீங்க சிஸ்டர், இன்னும் காயலை."

"காய்ஞ்சா மட்டும் என்னாவாம்?" என்றாள் சபீதா, தனக்குள் சொல்வதுபோல. ரூபேந்திரனுக்குக் கேட்டது. அவர் சிரித்தார். இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்தாயிற்று என்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே அவரை அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

மேசையில் ஷாஸியா பாசிகளை நிறவாரியாகப் பிரித்து, கோணல் இல்லாமல் அடுக்கினாள். கடல்நீலம், வெற்றிலைப் பச்சை, பாலில் குங்குமப்பூ விழுந்தாற்போல் ஒன்று. நடுவில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் அந்தக் கறுப்புச் சரத்தை வைத்தாள். மிளகைவிடச் சற்றே பெரிய மணிகள். சரியாக நடுவில் சுண்டைக்காய் அளவில் ஒரே ஒரு மணி. அந்த நடுமணி சரியாக வருவதற்குள் உடைந்தவை ஒரு ஜாம் போத்தல் நிறைய வீட்டில் கிடக்கின்றன. அடுக்கி முடித்த பிறகும் ஷாஸியா அதை இடப்பக்கம் தள்ளினாள், வலப்பக்கம் தள்ளினாள், பழையபடி நடுவிலேயே வைத்தாள்.

"அது அங்கயே இருக்கட்டும். நீ தள்ளுறதுனால அந்தம்மா மனசு தள்ளாது," என்றாள் சபீதா.

பத்து மணிக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் படம் பார்த்தார்கள். பிறகு நேராக நிமிர்த்திக் கறிபாப் எடுத்தார்கள். உருளைக்கிழங்கில் என்ன மசாலா என்று சபீதாவிடம் விசாரித்தவர்கள், ஓவியத்தில் என்ன இருக்கிறது என்று ஓவியரிடம் விசாரிக்கவில்லை. ஒரு பெண்மணி நீலப் பாசியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சீனாவிலிருந்து வருவதா என்று கேட்டாள். ஷாஸியா பொறுமையாகக் கம்பியிலிருந்து தொடங்கி விளக்கினாள். கம்பியைத் தாண்டி நெருப்புக்கு வருமுன்பே அந்தப் பெண்மணி கிளம்பிவிட்டாள். இவர்களுக்கெல்லாம் விளக்கம் ஒரு கேடா என்று சபீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எரிச்சல் அந்தப் பெண்மணி மீதா, ஷாஸியா மீதா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

லுஹர் தொழுகைக்கு நேரமானது. சமீரா வருவதாகச் சொன்னது மாலையில்தான். கறுப்புச் சரம் விற்பனைக்கு இல்லை என்று ஷாஸியா பிரேமலாவிடம் காலையிலேயே சொல்லியிருந்தாள். போகும்போது மறுபடியும் சொன்னாள். பிரேமலா கைப்பேசியில் யாரோடோ பேசிக்கொண்டே தலையசைத்தார். இருவரும் பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுது, ஒரு கடையில் சோறு சாப்பிட்டார்கள். அந்தக் கடைக் குழம்பைப் பற்றியும் சபீதாவுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது.

திரும்பிப் படியேறும்போது, மேல்படியில் கழற்றிவைத்த ஒரு ஜோடி செருப்பு கண்ணில் பட்டது. கலைக்கூடத்துக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. கழற்றியவர் வீட்டுக்கு வருவதுபோல் வந்திருக்கிறார்.

சமீரா மாலைவரை காத்திருக்கவில்லை.

அவள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள், வாசலுக்கு எதிரே, அந்தப் பெரிய ஓவியத்தின் முன்னால். ஷாஸியா முதலில் மேசையைப் பார்த்தாள். வெள்ளைத் துணி வெறுமையாகக் கிடந்தது. பிறகு சமீரா பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

ஓவியத்தின் மேல் விளிம்பில் ஓர் ஆணி. ஆணியிலிருந்து தொங்கியது கருகமணி. சரம் ஆடாமலிருக்க, நடுமணியைத் தடித்த வண்ணத்துக்குள் அழுத்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் புதிதாக ஓர் அட்டை. அட்டையின் மூலையில் விற்றுவிட்டதற்கு அடையாளமாகச் சிவப்புப் பொட்டு.

"இதுதானே அது?" என்றாள் சமீரா, திரும்பாமல்.

"ஆமா லாத்தா."

"என்ன எழுதியிருக்குன்னு படி."

ஷாஸியா படிக்கவில்லை. சமீராவே படித்தாள்.

"டுகா. துக்கம்னு எழுதி வச்சிருக்காங்க. என் தம்பி கல்யாணத்துக்கு."

ஷாஸியாவின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை சபீதா பார்த்தாள். இத்தனை வருடத்தில் அந்தப் பெண்ணை எத்தனையோ முறை மட்டம் தட்டியிருக்கிறாள். ஒரு முறைகூட அந்த முகம் இப்படி ஆனதில்லை.

ரூபேந்திரன் ஏதோ விருது வாங்க அழைக்கப்பட்டவர் மாதிரி வந்தார். மதியம் மேசைப் பக்கம் போனபோது அந்தச் சரம் தன்னைக் கூப்பிட்டதாகச் சொன்னார். மாட்டிப் பார்த்ததும் ஓவியம் முழுமையாகிவிட்டதாம். பெயரும் தானாக வந்துவிட்டதாம். படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் வாங்கியும் விட்டாராம். யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று ஷாஸியா கேட்டாள். கலைஞர்களுக்குள் இதெல்லாம் சகஜம், கூட்டு முயற்சி என்று பேரே போட்டுவிடலாம் என்றார் அவர்.

"எல்லாம் சரி. துக்கம்னு எதுக்கு?" என்றாள் சபீதா.

"கறுப்புன்னாலே துக்கம்தானே சிஸ்டர்."

சபீதா தலையை மூடியிருந்த தூடோங்கின் மடிப்புக்குள் கைவிட்டுத் தன் கருகமணியை வெளியே எடுத்தாள். பொன்மணிகளுக்கு இடையே கோத்த கறுப்பு மணிகள், கழுத்து வியர்வையில் மின்னின.

"அப்ப இத்தனை வருஷமா நான் துக்கத்தைக் கழுத்துல போட்டுக்கிட்டுத்தான் கல்லாவுல உக்காந்திருக்கேனா?"

ரூபேந்திரன் அதைப் பார்த்தார், ஓவியத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எனக்குத் தெரியாது சிஸ்டர்," என்றார்.

"காயாததைத் தொடக்கூடாதுன்னு காலையில எனக்குச் சொன்னீங்கள்ல. தெரியாததையும் தொடக்கூடாது."

ஷாஸியா பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். சபீதா மேசைத் துணியை உருவி ஓவியத்துக்குக் கீழே ஏந்தினாள். ஏந்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நூல் வண்ணத்தில் ஊறி ஒட்டியிருந்தது. ஷாஸியா ஆணிக்குப் பக்கத்தில் நறுக்கி, ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். மணிகள் பொலபொலவென்று துணியில் உதிர்ந்தன. அவற்றைத் தரையில் வைத்து, கைக்கு அகப்பட்ட நாலைந்தைத் துடைத்தாள். சாம்பல் வண்ணம் துணிக்குப் போயிற்று. மணி பழையபடி பளபளத்தது.

"கண்ணாடியில ஒட்டாது லாத்தா. நூல்தான் கெட்டுப்போச்சு," என்றாள்.

சமீரா குனியவில்லை. "துக்கம்னு தொங்குனதை நான் கட்டணுமா? அதுவும் எவனோ வெளியாளு வாங்கினதை? வித்த சாமானைக் கழுத்துல கட்டுற வழக்கம் உங்க பொந்தியான்ல இருக்கலாம்."

உங்க பொந்தியான். காலையிலிருந்து ஊரையே தராசில் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்த சபீதாவுக்கு அந்த இரண்டு சொல் மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஷாஸியாவின் பாசியை அவள் ஏளனம் செய்யலாம். அது வீட்டுக்குள் நடப்பது. கூலாயிலிருந்து வந்து ஒருத்தி செய்வது வேறு.

யார் அந்த வெளியாள் என்று அவள் பிரேமலாவைக் கேட்டாள். பிரேமலா, வாங்கியவர் ரூபேந்திரனோடு நேரடியாகப் பேசியதாகச் சொன்னார். பொட்டு ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினேன் என்றார். ரூபேந்திரன் கைப்பேசியைத் தட்டிப் பார்த்தார். மணிச்சரத்தோடு சேர்த்துத்தான் வேண்டும், ஒரு மணிகூடக் குறையக்கூடாது என்று அந்த ஆள் திரும்பத் திரும்பச் சொன்னாராம். நல்ல ரசனை உள்ளவர் என்று அப்போதே தோன்றியதாம்.

"பேரு?"

"அஹ்னாஃப் பின் ஜமால். துவாஸ்ல வேலையாம்."



சமீரா அங்கேயே நின்று தம்பியைக் கூப்பிட்டாள். மறுமுனைப் பேச்சு கேட்கவில்லை. அவள் முகம்தான் தெரிந்தது. முதலில் சிவந்தது, அப்புறம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தது. கைப்பேசியை மூடிவிட்டு, கொடுத்த வாக்குமூலத்தை ஒப்பிப்பதுபோல் சொன்னாள். ஓய்வு வேளையில் படத்தைப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு மணி சூளையிலிருந்து வரும்போதும் ஷாஸியா அவனுக்குப் படம் அனுப்பியிருந்ததால் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஷாஸியாவைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. வேறு யாராவது கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயத்தில் தானே வாங்கிவிட்டான். தலைப்பைப் படித்தானா என்று கேட்டதற்கு, தலைப்பு இருந்ததா என்று திருப்பிக் கேட்கிறான்.

ஷாஸியா தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். தொழப் போகும்போது சத்தத்தை அணைத்தது, அணைத்தபடியே இருந்தது. அவள் தலை நிமிரவில்லை.

இந்தப் புகைச்சுவருக்குப் பணம் கொடுத்த ஒரே மனிதனும் அதை ஓவியத்துக்காக வாங்கவில்லை என்பதில் சபீதாவுக்கு ஒரு திருப்தி. ஆனால் அடுத்து அவள் சொன்னது அவளே எதிர்பார்க்காதது.

"லாத்தா, கருகமணி மாப்பிள்ளை வீட்டுல வாங்கி வரணும்னு நீங்கதானே சொன்னீங்க."

சமீரா அவளைப் பார்த்தாள்.

"வாங்கிட்டாங்க," என்றாள் சபீதா.

சமீரா மெல்லக் குனிந்து, துணியிலிருந்து ஒரு மணியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். சபீதாவும் எட்டிப் பார்த்தாள். இத்தனை நாள் வீட்டில் கிடந்த மணிதான். வெளிச்சத்தில் வைத்து அவள் பார்த்ததில்லை. நடுவில் கறுப்பு; ஓரத்தில், கண்ணாடி மெலிந்த இடத்தில், நாவற்பழத்தின் நிறம்.

"கறுப்புன்னு நினைச்சேன்," என்றாள் சமீரா.

"கறுப்புதான் லாத்தா. வெளிச்சம் பட்டா இப்படித் தெரியும்."

சமீரா மணியைத் துணியில் போட்டாள். துணியின் நான்கு முனைகளையும் சேர்த்து முடிந்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கோக்கறதும் எங்க வீட்டு வேலைதான். நீ கோத்துக் கொண்டாந்தது முதல் தப்பு."

"கட்டுவீங்களா லாத்தா?"

"கோத்துப் பார்க்கிறேன். கணக்கா வந்தா பார்க்கலாம்."

அவ்வளவுதான். கறிபாப் சாப்பிடச் சொன்னதற்கு வேண்டாம் என்று கையசைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். இதை வெற்றி என்று சொல்ல சபீதாவுக்கு வாய் வரவில்லை. தோல்வி என்றும் சொல்ல முடியவில்லை. ஷாஸியாவின் தோளில் கைவைக்கலாமா என்று யோசித்தாள். பழக்கமில்லாததால் டப்பாவை மூடப் போனாள்.

ஓவியத்தை எந்த முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார் என்று ரூபேந்திரன் கைப்பேசியைப் பார்த்துச் சத்தமாகப் படித்தார். கூலாய். சமீராவின் வீடு. சும்மா சபீதா மறுபடியும் அந்த ஓவியத்தை ஏறிட்டுப் பார்த்தாள், இது அந்த வீட்டு முன்கூடத்தில் தொங்கினால் எப்படியிருக்கும் என்று.

பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள்.

"ஷாஸி, இங்க வா."

கரியும் சாம்பலுமான அந்தத் தடித்த வண்ணத்துக்குள், சுண்டைக்காய் அளவில் ஒன்று பாதி புதைந்து மின்னியது. நூலை இழுத்தபோது நூல் மட்டும்தான் வந்திருக்கிறது. நடுமணி வரவில்லை. இருந்த பதற்றத்தில் ஷாஸியாவும் அதைக் கவனிக்கவில்லை.

சமீரா வீட்டுக்குப் போய் முடிச்சை அவிழ்ப்பாள். கோப்பாள். நடுவில் வைக்க மணி இருக்காது. இதற்குமேல் அவளுக்கு வேறு காரணம் தேவைப்படாது. இன்னொன்று செய்யலாமே என்று சொல்ல வாயெடுத்த சபீதாவுக்கு அந்த ஜாம் போத்தல் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"ஓடிப்போய்க் கூப்பிடட்டுமா மச்சி?"

"கூப்பிட்டு என்னான்னு சொல்லுவ? துக்கத்துக்குள்ள மாட்டிக்கிச்சுன்னா?"

கறிபாப் எடுக்கும் இடுக்கி சபீதாவின் கையில்தான் இருந்தது. அவள் ஓவியத்தை நெருங்கினாள். ரூபேந்திரன் பதறிக்கொண்டு வந்தார்.

"தொடாதீங்க சிஸ்டர். இன்னும் காயலை. அது இப்ப உங்க மாப்பிள்ளையோட சொத்து."

"அதனாலதான்," என்றாள் சபீதா.

இடுக்கியை வண்ணத்துக்குள் இறக்கினாள். உள்ளே வழுக்கியது, மறுபடியும் பிடித்தாள். மணி வந்தது. அதோடு உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் பத்தையும் பெயர்ந்து வந்து, அவள் முழங்கைவரை வழிந்தது. ஓவியத்தின் நடுவில் அடியிலிருந்த வெள்ளைக் கான்வாஸ் பல்லிளித்தது.

அப்போதுதான் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கீழே போன சமீராவின் செருப்பு, மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.